மொக்கு விரியும் நேரம்

மல்லிகை மொக்கில் மணம் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். விடியற்காலையில் செடியிலிருந்து கிள்ளிய முற்றிய மொக்கை முகர்ந்தால் பச்சைத் தழையின் மெல்லிய வாசம் மட்டுமே தட்டுப்படும். அன்று மாலை அதே மொக்கு இதழ் அவிழத் தொடங்கியதும், ஒரு கைப்பிடிப் பூவே ஓர் அறையை நிறைத்துவிடும். மணம் முழுவதும் மொக்குக்குள் அடைபட்டுக் கிடந்து, இதழ் திறந்தவுடன் வெளிப்படுகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால், மலரின் மணப்பொருள்களில் பெரும்பகுதி இதழ் விரியும் சில மணி நேரத்தில்தான் இதழ்ச் செல்களுக்குள் புதிதாக ஆக்கப்படுகிறது. மொக்கு செடியில் இருக்கிறதா, கூடையில் கிடக்கிறதா, நாரில் தொடுக்கப்பட்டிருக்கிறதா என்பது அந்த ஆக்கத்துக்குப் பெரிய தடையாவதில்லை. மல்லிகையை வளர்ப்பவர், பறிப்பவர், விற்பவர், தொடுப்பவர் ஆகிய எல்லோருடைய வேலை நேரமும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே அமைந்திருக்கிறது. செடிக்கு மண்ணும் வெயிலும் கவாத்துக் கத்தரியும் எதற்காகத் தேவைப்படுகின்றன என்பதும் அந்த மொக்கிலிருந்து தொடங்கிப் பார்த்தால்தான் தெளிவாகும்.

தமிழகத்தில் குண்டுமல்லி என்று வழங்கும் செடியின் தாவரவியல் பெயர் ஜாஸ்மினம் சம்பக். ஏறத்தாழ 200 இனங்களைக் கொண்ட இந்தப் பேரினம், ஒலிவ மரம் இடம்பெற்றிருக்கும் ஒலியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் 1753-இல் இச்செடியைப் பவளமல்லியோடு ஒரே பேரினத்தில் வைத்தார். 1789-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தைச் சேர்ந்த வில்லியம் எய்ட்டன் அதைப் பிரித்து ஜாஸ்மினத்தில் சேர்த்தார். பவளமல்லியும் ஒலியேசியே குடும்பத்துச் செடியே ஆதலால், லின்னேயஸின் கணிப்பு வெகுதூரம் பிசகிவிடவில்லை. கிழக்கு இமயமலையை ஒட்டிய தெற்காசியப் பகுதியே மல்லிகையின் தாயகம் எனக் கருதப்படுகிறது. மனிதர் கைவழியே அது அரேபியாவுக்கும் சீனத்துக்கும் தென்கிழக்காசியாவுக்கும் பரவி, 1934-இல் பிலிப்பைன்ஸின் தேசிய மலராகவும், 1990-இல் இந்தோனேசியாவின் தேசிய மலர்களுள் ஒன்றாகவும் அறிவிக்கப்பட்டது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இது பசுமை மாறாத குறுஞ்செடி, அதாவது ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்பது. எனினும் உறைபனியைத் தாங்கும் ஆற்றல் இதற்கு இல்லை. இலைகளுக்குள் உள்ள நீர் உறையும் அளவுக்குக் குளிர்ந்தால் இளந்தளிர்கள் கருகிவிடும் என்பதால், ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளில் இதைக் கண்ணாடி வீட்டுக்குள் தொட்டியில் வைத்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

மல்லிகையின் மணம் ஒற்றைப் பொருளால் ஆனதன்று. எளிதில் ஆவியாகும் பல சிறு மூலக்கூறுகளின் கலவை அது. அவற்றில் லினலூல், ஆல்ஃபா ஃபார்னசீன் ஆகியவை டெர்பீன் எனப்படும் சேர்மங்கள்; ஐந்து கரியணுக்கள் கொண்ட அலகுகளைக் கோத்துத் தாவரங்கள் இவற்றை ஆக்குகின்றன. பழ வாசம் தரும் பென்சைல் அசிட்டேட், ஃபினைலலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பிறக்கிறது. திராட்சை மிட்டாய்களுக்கு மணமூட்டப் பயன்படும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும் இக்கலவையில் உண்டு. இவற்றோடு சேரும் இண்டோல்தான் மிகவும் விந்தையானது: செறிவாக இருக்கையில் அது அந்துருண்டையையும் மலத்தையும் நினைவூட்டும், காற்றில் வெகுவாகக் கரைந்து நீர்த்த நிலையிலோ பூவின் மணமாகவே உணரப்படும். இண்டோலை நீக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் கலந்தால் கிடைப்பது சோப்புக் கடை வாசமேயன்றி, கோயில் வாசலில் தொடுத்துக் கிடக்கும் சரத்தின் வாசமாக இராது. மல்லிகையின் கனமும் கிறக்கமும் பெருமளவு அந்தக் கெட்ட நாற்றக்காரனின் கொடை.

மொக்கில் மணம் இல்லையெனினும் மணத்துக்கான முன்னேற்பாடு இருக்கிறது. மொக்கின் திசுவில் லினலூல், சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்த வடிவில் காணப்படுகிறது; அப்படிப் பிணைந்திருக்கும்போது அது நீரில் கரையுமே தவிர ஆவியாகாது, எனவே மூக்குக்கு எட்டாது. அந்தப் பிணைப்பை நொதிகள் வெட்டினால்தான் லினலூல் விடுபட்டுக் காற்றில் கலக்க முடியும். பிற மணப்பொருள்களை ஆக்கும் நொதிகளுக்கான மரபணுக்களும் மொக்கு விரியும் தறுவாயில்தான் முழுவீச்சில் இயங்கத் தொடங்குகின்றன. பறித்த பிறகும் மலர் மணத்தை ஆக்கிக்கொண்டே இருக்கிறது என்பதை மரபணு ஆய்வுகளுக்கு வெகு முன்பே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பர்ட் ஹெஸ்ஸே ஆய்வின் மூலம் காட்டியிருந்தார். பிரான்ஸின் கிராஸ் நகரத்து நறுமணத் தொழிலில், மல்லிகையின் உறவான பிச்சிப்பூவைக் குளிர்ந்த கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டுகளில் ஓர் இரவு பரப்பிவைத்து, கொழுப்பு மணத்தை உறிஞ்சிக்கொள்ள விடுவது பழைய முறை. பூவைக் கரைப்பானில் மூழ்கடித்து ஒரேயடியாக மணத்தைப் பிரிப்பது புதிய முறை. ஒரே எடைப் பூவிலிருந்து பழைய முறையில் பல மடங்கு கூடுதல் எண்ணெய் கிடைத்தது. கரைப்பான் பூவைக் கொன்றுவிடுகிறது. கொழுப்பின் மேல் கிடக்கும் பூவோ உயிரோடிருந்து, மணத்தைத் தொடர்ந்து ஆக்குகிறது. மல்லிகையிலிருந்து மணச்சாறு எடுக்கும் ஆலைகள் இன்றும் மொக்கை வாங்கி அப்படியே கரைப்பானில் போடுவதில்லை. அது விரியும் வரை காத்திருந்து, மணம் உச்சத்தை எட்டும் இரவு வேளையிலேயே உள்ளே செலுத்துகின்றன.

விரிதல் என்பது நீரின் வேலை. முற்றிய மொக்கின் இதழ்களில் சேமித்துவைக்கப்பட்ட மாவுச்சத்து சிறு சர்க்கரைகளாக உடைகிறது. சர்க்கரைச் செறிவு கூடியதும் செல்கள் சுற்றிலுமிருந்து நீரை இழுத்துப் பருக்கின்றன. இதழின் உட்புறச் செல்கள் வெளிப்புறத்தைவிடக் கூடுதலாகப் பருப்பதால் இதழ் வெளிப்பக்கமாக வளைந்து அவிழ்கிறது. இவை எந்த வேளையில் நடக்க வேண்டும் என்பதைத் தாவரத்தின் உள்ளிருக்கும் நாள்கடிகாரம், அதாவது ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஏறி இறங்கும் மரபணுத் தொகுதி, பகலொளியின் துணையோடு தீர்மானிக்கிறது. அந்தியில் அவிழும் வெண்ணிற மலர், இருட்டில் நிறத்தாலும் மணத்தாலும் விட்டில்களை அழைப்பதற்காக உருவானது. வெயிலில் மணத்தை இறைத்தால் அதற்கு ஒரு பயனும் இல்லை.

பூங்கொத்தைக் கூர்ந்து நோக்கினால் பறிப்பின் கடினம் விளங்கும். தளிரின் நுனியில் பொதுவாக மூன்று மொக்குகள் சேர்ந்து நிற்கும்; நடுவில் உள்ளது பெரியதாய் இருந்து முதலில் முற்றும், பக்கத்து மொக்குகள் இரண்டும் பிந்தித்தான் முற்றும். முந்தைய நாள் வரை சற்றே பச்சை ஓடியிருந்த மொக்கு, விரியும் நாளன்று குழல் நீண்டு, உச்சி பருத்து, பால்வெண்மையாக மாறியிருக்கும். பறிப்பவர் அந்த ஒன்றை மட்டும் காம்போடு கிள்ளி, பக்கத்து மொக்குகள் அசையாமல் விட்டுவிட வேண்டும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 முதல் 5,000 மொக்குகள் என்ற கணக்கில், ஒவ்வொரு மொக்கைப் பற்றியும் கண்ணும் விரலும் ஒரு தீர்ப்பு வழங்கியாக வேண்டியிருக்கிறது. இந்தத் தீர்ப்பை வழங்கத்தக்க இயந்திரம் இன்னும் வயலுக்கு வரவில்லை. கதிர் ஏறும் முன்பே பறிப்பதற்கும் காரணம் உண்டு. இரவு முழுவதும் வேர் இழுத்த நீரால் மொக்கு அப்போதுதான் முழு விறைப்போடு இருக்கும். வெயிலில் வாடிய மொக்குக்குப் பறித்தபின் விரியத் தேவையான நீர் மிஞ்சாது. நிலக்கோட்டையிலும் மதுரை மாட்டுத்தாவணியிலும் சத்தியமங்கலத்திலும் தோவாளையிலும் பூச்சந்தைகள் அதிகாலையிலேயே சுறுசுறுப்பாகிவிடுவது அதனால்தான். அங்கே கைமாறுவது பூ என்பதைவிட, அன்று மாலை நிகழப்போகும் மணம். பனிக்கட்டியோடு பெட்டியில் அடைத்து விமானத்தில் அனுப்புவோர், குளிர் நொதிகளின் வேகத்தைத் தணிக்கும் என்ற இயல்பைப் பயன்படுத்தி அந்த மாலையைச் சற்றே ஒத்திவைக்கிறார்கள்.

சீனத்தின் ஃபூஜோ நகரத்திலும் குவாங்ஷி மாநிலத்து ஹெங்ஜோவிலும் இதே மல்லிகை தேயிலைக்கு மணமேற்றப் பயிராகிறது. அங்கே மொக்கைப் பிற்பகலில் பறித்துப் பரப்பி வைத்து, அந்தியில் அவிழத் தொடங்கியதும் உலர்ந்த தேயிலையோடு கலந்துவிடுகிறார்கள். இரவெல்லாம் பூ வெளியிடும் மணத்தைத் தேயிலை உறிஞ்சிக்கொள்ள, காலையில் பூவைப் பிரித்தெடுத்துவிட்டு, மறுநாள் புதுப்பூவோடு மீண்டும் கலப்பார்கள். உயர்தரத் தேயிலைக்கு இது பலமுறை தொடரும். ஃபூஜோவின் மல்லிகை தேயிலை வேளாண் மரபை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் 2014-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. பறிக்கும் வேளை வேறாயினும், மதுரையின் சரமும் ஃபூஜோவின் கோப்பையும் காத்திருப்பது அதே அந்திக்குத்தான்.

இவ்வளவு விட்டில்களை அழைத்தும் குண்டுமல்லி பெரும்பாலும் காய்ப்பதில்லை. மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக அடுக்கிதழ் கொண்ட செடிகளையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள்; அடுக்கிதழ்ப் பூக்களில் மகரந்தத் தாள்கள் குன்றிவிடுவதுண்டு. மகரந்தம் குன்றினால் விதையும் குன்றும். சில வகைகளில் குரோமோசோம் எண்ணிக்கையும் இயல்பான 26-க்குப் பதிலாக 39, அதாவது இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிகள். இப்படி ஒற்றைப்படையாக உள்ள தொகுதிகள் இனப்பெருக்கச் செல்களில் சமமாகப் பிரிய முடியாமையால் அத்தகைய செடி மலடாகிவிடுகிறது. ஆகவே மல்லிகை குச்சியிலிருந்தும் பதியனிலிருந்துமே பெருகுகிறது. பதியன் என்பது தாய்ச்செடியின் கிளையொன்றை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வேர் பிடித்தபின் வெட்டிப் பிரிப்பது. ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தின் மணற்பாங்கான நிலத்தில் நாற்று உற்பத்தி ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்து, தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கு ராமநாதபுரம் குண்டுமல்லி நாற்றுகள் அங்கிருந்துதான் செல்கின்றன. நீர் தேங்காத, காற்றோட்டமுள்ள மணலில் வேர் எளிதில் பிடிப்பதும், பிடுங்கும்போது அறுபடாமல் வருவதும் அந்த ஊருக்கு வாய்த்த நல்லூழ். ஆனால் இப்படிப் பெருகிய செடிகள் எல்லாம் மரபணு அளவில் ஏறத்தாழ ஒரே செடியின் பிரதிகள். ஒன்றைத் தாக்கும் நோயோ பூச்சியோ மற்றதையும் அதே எளிமையோடு தாக்கும் என்பதால், கஸ்தூரி மல்லி, இருவாட்சி போன்ற பழைய வகைகள் தோட்டங்களில் அருகி வருவதை வெறும் ரசனை மாற்றமாக எடுத்துக்கொள்வதற்கில்லை.

நடவுக்கு ஜூன் முதல் நவம்பர் வரையான மழைப் பருவம் ஏற்றது. ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில், ஓரடி ஆழக் குழியில் தொழுவுரமிட்டு நடுவது வழக்கம். இந்தக் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு 6,400 செடிகள் பிடிக்கும். மண்ணைப் பொறுத்தவரை மல்லிகைக்கு இரண்டு வெறுப்புகள் உண்டு: வேரடியில் நீர் தேங்குவது ஒன்று, சுண்ணாம்பு மிகுந்த காரத்தன்மை மற்றொன்று. இரண்டாவதன் விளைவு கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். நுனியில் புதிதாக வரும் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோலமிட்டதுபோல் தங்கிவிடும். பச்சையம் உருவாக இரும்பு தேவை. கார மண்ணில் இரும்பு இருந்தும் அது கரையாத வடிவில் கிடப்பதால் வேரால் உறிஞ்ச இயலாது. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலைகள், ஏனெனில் செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தைப் பெயர்த்துத் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்பையோ அப்படிப் பெயர்க்க முடியாது, எனவே குறை தளிரில்தான் வெளிப்படும். இந்த வேறுபாட்டை அறியாமல் மஞ்சள் கண்டதும் யூரியாவைக் கொட்டுவோர், செடிக்குத் தேவையில்லாத ஒன்றைத் தந்து தேவையானதை மறுக்கிறார்கள். லிட்டருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, கரைத்து இலைவழி தெளித்தால் சில வாரங்களில் பச்சை திரும்பும். தொட்டியில் வளர்ப்போருக்கும் இதே விதி பொருந்தும்: மாடியில் அரைநாளாவது நேர் வெயில், அடியில் அடைபடாத துளை, உப்புக் கூடிய ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்ப்பது ஆகிய மூன்றும் இருந்தால் உரப்புட்டிகளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. நிழலில் வைத்த மல்லிகை இலையை மட்டும் தழைத்துக் காட்டும்.

எல்லாப் பராமரிப்பிலும் பூவின் அளவை நேரடியாகத் தீர்மானிப்பது கவாத்து. மல்லிகையின் மொக்கு பழைய மரத்தில் வருவதில்லை. புதிதாக ஓடும் தளிரின் நுனியிலும் அதை ஒட்டிய கணுக்களிலுமே வரும். ஆகவே எத்தனை புதுத்தளிரோ அத்தனை கொத்து. வெட்டாமல் விட்ட செடியில் ஒவ்வொரு கிளையின் நுனி மொட்டும் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஊக்கியைக் கீழ்நோக்கி அனுப்பி, கீழ்க்கணுக்களில் உறங்கும் மொட்டுகள் விழிக்காமல் அடக்கிவைக்கிறது. இதை நுனி ஆதிக்கம் என்பர். நுனியை வெட்டி எறிந்ததும் அந்த அடக்கம் நீங்கி, வேரிலிருந்து ஏறும் சைட்டோகைனின் என்ற மற்றோர் ஊக்கியின் தூண்டுதலும் சேர, ஒரு கிளை இருந்த இடத்தில் பல தளிர்கள் கிளம்புகின்றன. நவம்பர் இறுதியில் தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் எல்லாக் கிளைகளையும் ஈவிரக்கமின்றி வெட்டி, காய்ந்ததையும் நோயுற்றதையும் நீக்கி, அடியுரமிட்டு நீர் பாய்ச்சுவது தமிழகத்து முறை. பசுமை மாறாச் செடி என்று பெயர் பெற்றதைச் சில வாரங்களுக்கு வெறும் குச்சியாக்கி நிறுத்தும் இந்த வேலை, புதிதாகப் பயிரிடுவோருக்கு மனம் ஒப்பாத ஒன்றுதான். ஆனால் மார்ச் முதல் பூப்பதற்கான தளிர் அந்தக் குச்சியிலிருந்தே வர வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பூ குவியும். நன்கு பராமரித்த தோட்டம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 8 டன்னுக்கு மேல் தருவதுண்டு.

மார்கழியிலும் தையிலும் நிலைமை தலைகீழ். இரவுக் குளிரில் வளர்ச்சி மந்தமாகி, கவாத்துச் செய்த செடி இன்னும் தளிர்க்காமல் நிற்க, திருமணங்களுக்கும் பொங்கலுக்கும் தேவையோ ஏறிக்கொண்டே போக, கோடையில் வாங்க ஆளில்லாமல் கிடந்த பூ கிலோ சில ஆயிரம் ரூபாய்க்கு விலைபோகிறது. சிலர் தோட்டத்தைப் பாத்திகளாகப் பிரித்து வெவ்வேறு மாதங்களில் கவாத்துச் செய்து இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பப் பார்க்கிறார்கள். முயற்சி நல்லதே, ஆனாலும் குளிரில் செடி இயல்பாகத் தருவது குறைவு என்பதையும், வருவாய்க்காக அதன் ஓய்வை ஓயாமல் பறித்தால் செடியின் ஆயுள் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மொக்கைத் தேடி வருவோர் மனிதர் மட்டும் அல்லர். மொக்குப்புழு எனப்படும் சிறு அந்துப்பூச்சியின் புழு, மொக்கைத் துளைத்து உள்ளே இருக்கும் இதழ்களைத் தின்று, பக்கத்து மொக்குகளையும் நூலால் பிணைத்துவிடும். அதைவிடச் சிறியது மொக்கு ஈ. கொசுவைப் போன்ற இந்தப் பூச்சி மொக்குக்குள் முட்டையிட, வெளிவரும் நுண்புழுக்கள் அடிப்பகுதியை அரிக்க, மொக்கு வீங்கி, ஊதா நிறம் ஏறி, விரியாமலேயே வாடும். ஹவாய்த் தீவுகளில் இதே பூச்சி ஆர்க்கிட் மலர்களின் மொக்குகளையும் அழிக்கிறது. வறண்ட கோடையில் இலையடியில் வலை பின்னிச் சாறு உறிஞ்சும் செஞ்சிலந்தியும், வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவும் தாக்குதலில் சேர்ந்துகொள்ளும்.

செடியும் சும்மா இருப்பதில்லை. 1962-இல் பிச்சிப்பூவின் எண்ணெயிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற பொருள் முதன்முதலாகப் பிரிக்கப்பட்டபோது அது ஒரு நறுமணப் பொருளாக மட்டுமே கருதப்பட்டது. பின்னர், 1990-இல் எட்வர்ட் ஃபார்மரும் கிளாரன்ஸ் ரையனும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு, காற்றில் வரும் இதே பொருளைத் தக்காளிச் செடிகள் உணர்ந்து, பூச்சிகளின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைத் தம் இலைகளில் சுரக்கின்றன என்று காட்டியது. ஜாஸ்மோனேட்டுகள் தாவர உலகம் முழுவதிலும் காயத்துக்கும் பூச்சிக்கடிக்கும் எதிரான தற்காப்பை இயக்கும் ஊக்கிகள் என்பது இன்று பாடநூல் செய்தி. மல்லிகைக் குடும்பத்துப் பூவொன்றில் முதலில் அகப்பட்டதால் அந்தப் பெயர் எல்லாத் தாவரங்களின் ஊக்கிக்கும் நிலைத்துவிட்டது.

அந்தத் தற்காப்பு சந்தைக்குரிய மொக்கைக் காக்கப் போதாது என்பதால் பூச்சிக்கொல்லி தெளிக்கப்படுகிறது. இங்கேதான் மல்லிகை மற்றப் பயிர்களிலிருந்து ஆபத்தான முறையில் வேறுபடுகிறது. நெல்லிலோ கத்தரியிலோ தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே நாள்கணக்கில் இடைவெளி விட இயலும். நாள்தோறும் பறிக்கும் மல்லிகையில் முந்தைய மாலை தெளித்த மருந்து மறுநாள் விடியலில் பறிப்பவரின் விரலிலும், நண்பகலில் தொடுப்பவரின் கையிலும், மாலையில் சூடுபவரின் கூந்தலிலும், குழந்தையின் மூக்கருகிலும் இருக்கும். உண்ணும் பொருளல்ல என்பதால் எச்ச நஞ்சைப் பற்றிய கண்டிப்பும் பூவுக்குத் தளர்வாகவே இருக்கிறது. பறிக்கும் பெண்களுக்குக் கையுறைகூடக் கிடைக்காத தோட்டங்களில் இந்தத் தளர்வை ஏற்றுக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. மருந்தைக் குறைப்பதற்கான வழியோ மொக்கு ஈயின் வாழ்க்கைச் சுழற்சியிலேயே இருக்கிறது: தின்று வளர்ந்த நுண்புழு மொக்கிலிருந்து மண்ணில் விழுந்து அங்கேதான் கூட்டுப்புழுவாகிறது. எனவே செடியடியை அவ்வப்போது கொத்திக் கிளறி வெயில் படவிடுவதும், வேப்பம் புண்ணாக்கை மண்ணில் இடுவதும், காலையில் வெண்மொக்கைக் கிள்ளும்போதே ஊதா நிறம் கண்ட மொக்கையும் தனிப்பையில் கிள்ளிப் போட்டு, வரப்பில் கொட்டாமல் எரித்துவிடுவதும் அடுத்த தலைமுறை ஈக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். இதை ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஈ வந்துவிடும் ஆதலால், ஊரின் மல்லிகைத் தோட்டக்காரர்கள் ஒரே வாரத்தில் சேர்ந்து செய்ய வேண்டும்.